அவள் கண் போகிற பக்கம்

ஏப்ரல் 16

எழுதச் சொல்லிவிட்டார்கள், எழுதுகிறேன். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற நஸ்ரின் என்கிற பிள்ளைதான் சொன்னது. "தினமும் நாலு வரியாவது எழுதுங்க சார். என்ன சாப்பிட்டீங்க, யார்கிட்டச் சண்டை போட்டீங்க, எதுவா இருந்தாலும் சரி." நோட்டு வாங்கி வந்தது என் மனைவி கோகிலாமணி.

என் பெயர் அர்த்தநாரி. ஈரோட்டில் லோகோ பைலட். ரயில் ஓட்டுகிறவன் என்றால் எல்லோருக்கும் புரியும். போன மாதம் ஒரு காலையில் பல் துலக்கும்போது விழுந்துவிட்டேன். மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பாம். இடது கையும் காலும் கொஞ்சம் மந்தமாகிவிட்டன. மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை. யாராவது படித்தால் தெரியட்டும் என்று மறுபடியும் எழுதுகிறேன்: எனக்கு ஒன்றும் இல்லை.

காலையில் கோகிலா தோசை வைத்தாள், சட்னி வைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இப்படித்தான் பாதி வைக்கிறாள். "சட்னி எங்க புள்ள?" என்றேன். தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள். சட்னி வந்துவிட்டது, கூடவே இன்னும் அரைத் தோசையும். முதலிலேயே இப்படி வைத்திருக்கலாம்.

ஏப்ரல் 18

சவரம் செய்துகொண்டேன். கோகிலா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ரேசரை வாங்கி மிச்சத்தைச் செய்துவிட்டாள். மிச்சம் என்று அவள்தான் சொல்கிறாள். பிளேடு மொக்கை.

மாலையில் படுக்கையறைக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். இந்த வீட்டைக் கட்டின கொத்தனார் நிலையைக் குறுக்கலாக வைத்துவிட்டான் என்றேன்.

"இருவது வருசமா அதே நெலதானுங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா."

அவள் கணக்கு டீச்சர். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்க விடுவாள்.

ஏப்ரல் 22

நஸ்ரின் ஒரு தாள் கொடுத்தது. தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னது. அடித்துக் கொடுத்தேன். ஒன்றுகூட விடவில்லை என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். தாளை வலது பக்கமாக நகர்த்திக் காட்டியது. பாதித் தாள் தொடாமல் கிடந்தது.

புதுத் தாள் கொடுத்து ஏமாற்றுகிறாய் என்றேன். பிறகு கடிகாரம் வரையச் சொன்னது. நான் போட்ட பன்னிரண்டு எண்களும் ஒரே பக்கம் கூட்டமாக நின்றன, தட்கல் கவுண்டர் மாதிரி. அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை.

"உங்க கண்ணு நல்லாருக்கு சார். பார்வையில ஒரு குறையும் இல்ல. ஆனா கவனம்னு ஒண்ணு இருக்குல்ல, மூளைதான அதை அங்க இங்க அனுப்பணும்? உங்க மூளை இடது பக்கம் அனுப்ப மாட்டேங்குது. அந்தப் பக்கம் இருட்டா இருக்குன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு."

எனக்குக் கோபம் வந்தது. "அம்மணி, ரயிலுக்கு சிக்னல் எந்தப் பக்கம் இருக்கும் தெரியுமா? பீச்சாங்கைப் பக்கம். சர்வீஸ் பூரா நான் பீச்சாங்கைப் பக்கத்தையே பார்த்துச் சம்பாதிச்சவன். எனக்கா அந்தப் பக்கம் மறக்கும்?"

அந்தப் பிள்ளை தாளை மடித்துப் பையில் வைத்தது. கோகிலா சொன்னாள்: "திருச்செங்கோட்டுச் சாமிக்கு எடது பாதி அம்மனாமா. அந்தப் பேர வெச்சுக்கிட்டு பொண்டாட்டி பக்கத்தையே மறந்துட்டீங்களே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ராத்திரி சாப்பிட்டதும் அவள் சீக்கிரமே படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 25

மேஜை, தட்டு, கதவு, எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். வீடு ஏலத்துக்கு வந்ததுபோல் இருக்கிறது. சிவப்பைத் தேடி அதுவரைக்கும் பார்வையைக் கொண்டுபோக வேண்டுமாம். "இடது பக்கம் பாருங்க" என்றால் பார்க்கிறேன். அடுத்த நிமிஷம் மறந்துபோகிறது. சிவப்பு டேப் எங்கே என்று கேட்டால், எந்த டேப் என்கிறேன்.

இந்த நோட்டில்கூட நான் பக்கத்தின் நடுவிலிருந்துதான் எழுத ஆரம்பிக்கிறேனாம். காகிதத்தை வீணடிப்பதாக டீச்சர் குறை சொல்கிறாள்.

ஏப்ரல் 29

கோகிலாவோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் போன் செய்தார். கோகிலா குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். "வாழ்த்துக்கள்ங்க சார், மேடம் பேரு ஹெச்செம் லிஸ்ட்ல வந்திருச்சு" என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும். லிஸ்ட் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டதாம்.

தலைமையாசிரியர் பதவி. இதற்காக எத்தனை வருடமாகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஓய்வு பெறுவதற்குள் மறுபடி வராது. இதுவும் எனக்குத் தெரியும்.

வந்தவளிடம் கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "வேண்டாம்னு எழுதிக் குடுத்தரலாம்னு இருக்கறனுங்க" என்றாள்.

"ஏன்?"

"பவானிக்கு அக்கட்டால எங்கியோ போடுவாங்க. காலைல எட்டு மணிக்குப் போனா சாயந்தரம் ஆறு மணி ஆயிரும். யாரு போறது?"

"எனக்காகவா? எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போ."

அவள் என் சட்டையைப் பார்த்தாள். இடது கை சட்டைக்குள் போகாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் எடுத்து மாட்டிவிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒரே மகள் கனடாவில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், வர முடியாது. வீட்டோடு பார்த்துக்கொள்ள வந்த ஆளை நான் ரெண்டே நாளில் விரட்டிவிட்டேன். குறட்டை விட்டான்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். பள்ளி திறப்பதற்குள் நான் வீட்டில் தனியாக இருந்து காட்ட வேண்டும். காட்டினால் அவள் போவாள்.

மே 5

ஒத்திகை. கோகிலா மருந்துக் கடைக்குப் போனாள். போகும்போது, "அடுப்புல பருப்பும் பாலும் இருக்குதுங்க. பத்து நிமிசத்துல ரெண்டையும் அணைச்சிருங்க" என்றாள். சின்ன வேலை. நேரம் பார்த்துப் போனேன். பருப்பு வெந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேப்பர் படித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து பால் தீய்கிற வாசனை வந்தது. ராஜாமணி அக்கா வீடு. வயசாக ஆக அக்காவுக்குக் கவனமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கோகிலா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினாள்.

பாத்திரம் கருகிப் போயிருந்தது. அதன் பக்கத்தில் தொங்கிய துணியின் ஓரமும் கருகியிருந்தது. வீட்டில் அடுப்புக்கு ரெண்டு பர்னர் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் திட்டவில்லை. பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. டேங்க் காலியாகிவிட்டது, மறுபடி மோட்டார் போட வேண்டியிருந்தது.

மே 6

எழுதப் பிடிக்கவில்லை.

மே 10

இன்றைக்கு ஒன்று நடந்தது. விவரமாக எழுத வேண்டும்.

நஸ்ரின் எனக்கு எதிரே உட்கார்ந்து, "இடது பக்கம் ஜன்னல் இருக்கு சார், பாருங்க, ஜன்னல்" என்று கத்திக்கொண்டிருந்தது. நான் வலது பக்கத்து அலமாரியை ஜன்னல் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோகிலா காபி கொண்டுவந்து நின்றாள். நான் டம்ளரை வாங்க அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அவள் கண் சட்டென்று வேறெங்கோ போனது. நானும் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் ஒரு காக்கை வாயில் வடகத்தோடு உட்கார்ந்திருந்தது.

"அடப் பாவி, மாடில காயப்போட்ட வடகம்" என்றேன்.

நஸ்ரின் எழுந்து நின்றுவிட்டது. "சார், இப்ப எந்தப் பக்கம் பார்த்தீங்க?"

"காக்காயப் பார்த்தேன்."

"அது உங்க இடது பக்கம் சார். நான் அரை மணி நேரமா தொண்டத் தண்ணி வத்தக் கத்தறேன். மேடம் ஒண்ணுமே சொல்லல, கண்ணைத்தான் திருப்பினாங்க."

பிறகு ஒரு மணி நேரம் எங்கள் ரெண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து வேடிக்கை பார்த்தது. கோகிலா வாயைத் திறக்கக் கூடாது, கண்ணை மட்டும் திருப்ப வேண்டும். திருப்பினாள். மேஜையின் அந்த ஓரத்தில் சாவி இருந்தது, பார்த்தேன். சீப்பு, பார்த்தேன். அம்புக்குறி போட்ட அட்டையைக் காட்டிப் பார்த்தது, அதற்குப் பாதிக்குப் பாதி. நஸ்ரின் தன் கண்ணைத் திருப்பிப் பார்த்தது, அதற்குப் பரவாயில்லை. கோகிலாவின் கண்ணுக்குத்தான் தவறாமல் போனேன்.

"இது மனுசங்களுக்கு உள்ளதுதான் சார். எதிர்ல இருக்கறவங்க கண்ணு எங்க போகுதோ அங்க நம்ம கவனமும் தானா போயிரும். போகக்கூடாதுன்னு நினைச்சாலும் போகும். ரோட்டுல நாலு பேர் மேல பார்த்தா நாமளும் பார்ப்போம்ல? சொன்னா கேக்காத மூளை, கண்ணைக் காட்டினா கேக்குது. எல்லாருக்கும் இப்படி அமையாது, உங்களுக்கு அமைஞ்சிருக்கு."

"என்ற கண்ணுக்கு மட்டும் ஏம்மா நல்லா கேக்குது?" என்றாள் கோகிலா.

"அதை சார்கிட்டதான் கேக்கணும் மேடம்."

அந்தப் பிள்ளைக்கு வாய் அதிகம். கோகிலாவின் காது சிவந்துவிட்டது. இந்த வயதில்.

மே 14

சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொள்கிறாள். அவள் கண் பொரியலுக்குப் போனால் எனக்குப் பொரியல் கிடைக்கிறது. அப்பளத்துக்குப் போனால் அப்பளம். பாகற்காய்க்குப் போனபோது மட்டும் நான் வேண்டுமென்றே போகவில்லை. அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

மே 17

கல்யாணமான புதிதில்கூட நான் இவள் முகத்தை இவ்வளவு பார்த்ததில்லை. அப்போது நான் பாதி நாள் வெளியூர் ஸ்டேஷனில் டிரைவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் கிடப்பேன். வீட்டில் இருந்தால் தூங்குவேன். இப்போது நாள் பூராவும் பார்க்க வேண்டியிருக்கிறது, பார்க்காவிட்டால் கதவில் இடிப்பேன். வலது புருவத்தில் ஒரு வெள்ளை முடி இருக்கிறது. சொன்னேன். "அதப் பார்க்கறதுக்குங்களா உங்களுக்கு வைத்தியம்?" என்றாள்.

அழகாகத்தான் இருக்கிறாள். இதைச் சொல்லவில்லை. எழுதிவைக்கிறேன்.

மே 20

ரயில்வே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். இனி வண்டி கிடையாது, ஆபீஸ் வேலை தருவார்கள், அல்லது ஓய்வு. எதிர்பார்த்ததுதான். திரும்பும்போது ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. கோயம்புத்தூர் வண்டி ஒன்று போனது. நான் பார்க்கவில்லை. கோகிலா பார்க்காமல் இருந்ததால் நானும் பார்க்கவில்லை.

மே 23

ஆர்டர் வந்துவிட்டது. பவானிக்கு அந்தப்பக்கம் ஒரு உயர்நிலைப்பள்ளி. ஜூன் பத்தாம் தேதிக்குள் சேர வேண்டும்.

"நான் போகப்போறதில்லீங்க" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "இப்பத்தான் நீங்க தேறி வரீங்க. என்ற கண்ணு இருந்தாத்தான் உங்களுக்கு ஆகும்னு அந்தப் புள்ளையே சொல்லிப்போட்டா. பொறகென்ன?"

எனக்குத் திக்கென்றது. நான் தேறத் தேற இவளை வீட்டில் கட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் கண்ணைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், அதனால் அந்தக் கண் வேறெங்கும் போக முடியாது. இது சுகமாக இருக்கிறது என்பதுதான் மோசம். அவளுக்கும் சுகமாகத்தான் இருக்கிறது போல.

மே 25

தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் டைம்டேபிள் போட்டு வைத்திருக்கிறாள். ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும். வேண்டாம் என்கிறவள் எதற்கு ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கை முதல் பீரியடில் வைக்கிறாள்?

மே 27

திருமூர்த்தி வந்திருந்தான். கடைசி மூன்று வருடம் எனக்கு உதவி லோகோ பைலட்டாக ஓடினவன். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். அவனிடம் கோகிலா இல்லாத நேரமாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணா, நாம கேபின்ல என்ன பண்ணுவோம்? சிக்னலக் கண்ணுல பாத்தாப் போதும்னு விட்டுருவமா? கை நீட்டி, வாய்விட்டுக் கூவுவோமில்ல? 'ஹோம், கிரீன்'னு நீங்க கூவுவீங்க, நான் திருப்பிக் கூவுவேன். தூக்கக் கலக்கத்துலகூட அந்தக் கை தானா நீளும். அத இங்க பண்ணுங்களே."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று தெரியவில்லை. வண்டி ஓட்டும்போது நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. ஹோம் என்பது ஸ்டேஷனுக்கு முன்னால் நிற்கிற சிக்னல். சிக்னல் வந்தால் கையை நீட்டிக் காட்டி, அது என்ன சொல்கிறது என்று உரக்கச் சொல்ல வேண்டும். கூட இருப்பவன் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். எவ்வளவு களைப்பிலும் கவனத்தை அங்கே இழுத்துக்கொண்டு போகும்.

அவன் போனதும் ஆரம்பித்தேன். இடது கையைத் தூக்கி, "கதவு! இடது! திறந்திருக்கு!" கை முழுசாக எழவில்லை, இருந்தாலும் நிலையைப் பார்த்துவிட்டேன். தோள் இடிக்கவில்லை. திருப்பிச் சொல்லத்தான் ஆள் இல்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

ராஜாமணி அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோகிலாவிடம் என்ன சொன்னாரோ, அவள் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மே 30

"அடுப்பு, இடது, ஆஃப்!" என்று இன்றைக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கோகிலா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். இடது பர்னர் எரிந்துகொண்டிருந்தது. என்னைச் சோதிக்க அவள்தான் ஏற்றி வைத்திருந்தாள்.

உட்கார்ந்துவிட்டேன். பால் தீய்ந்த அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. தினமும் போகிற பாதை, தினமும் பச்சை விழுகிற சிக்னல். ஒரு நாள் பார்க்காமலே வாய் 'கிரீன்' என்று சொல்லிவிடும். அது சிவப்பாக இருந்தால் பின்னால் ஆயிரம் பேர். புதுப் பையன்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: ஞாபகத்திலிருந்து கூவாதே, கண்ணில் பட்டதைக் கூவு. நான் ஞாபகத்திலிருந்து கூவியிருக்கிறேன்.

"வுடுங்க. ரெண்டு பேரும் நிம்மதியா வூட்லயே இருந்துக்கலாம்" என்றாள்.

"ஜூன் பத்து வரைக்கும் நேரம் இருக்குதல்ல?" என்றேன்.

புது விதி: கூவுவதற்கு முன்னால் இடது கையால் தொட வேண்டும். தொடாமல் கூவினால் செல்லாது.

ஜூன் 1

தொட்டேன். சுட்டது. அடுப்பு எரிகிறது என்று சரியாகக் கூவினேன். (கொப்புளம் சின்னதுதான்.)

ஜூன் 2

சுடுகிற இடத்தைத் தொடாமல் திருகியைத் தொட வேண்டும் என்று விதியைத் திருத்தினாள் டீச்சர்.

ஜூன் 5

சண்டை. நான் மூன்று நாளாக அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறேன். தலையைக் குனிந்துகொண்டு தட்டைத் தொட்டுத் தொட்டு இடது ஓரம் வரைக்கும் போகிறேன். இன்றைக்குக் காலையில் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"என்ற மூஞ்சியப் பார்க்கப் புடிக்கலீங்களா?"

"புடிக்குது."

"பொறகு?"

"பார்த்தா உன்ற கண்ணு என்னயக் கூட்டிக்கிட்டுப் போயிருது புள்ள. நான் நானாப் போகோணும். பத்தாம் தேதி பவானியில உக்காந்துக்கிட்டு உன்னால இங்க கண்ணக் காட்ட முடியுமா?"

துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். அந்தத் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் சாப்பிட்டாள். கோபம் என்று நினைத்தேன். மத்தியானமும் ராத்திரியும் அங்கேயே சாப்பிட்டாள். நான் தனியாகச் சாப்பிட்டுப் பழக வேண்டுமே என்று. டீச்சர் புத்தி.

தனியாகச் சாப்பிட எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஜூன் 8

நேற்றும் இன்றும் ஒன்றும் கருகவில்லை. ஒன்றிலும் இடிக்கவில்லை. நஸ்ரின் தாள் கொடுத்துக் கோடு அடிக்கச் சொன்னது. தாளின் இடது விளிம்பைத் தொட்டுவிட்டு ஆரம்பித்தேன். ஓரத்தில் நாலைந்துதான் விட்டுப்போனது. "குணமாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா வழி கண்டுபிடிச்சுட்டீங்க" என்றது.

கோகிலாவிடம் போய்ச் சேரச் சொன்னேன். தலையாட்டினாள். ராஜாமணி அக்கா மத்தியானம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. என் கழுத்தில் போனை மாட்டிவிட்டிருக்கிறாள்.

ஜூன் 10

காலையில் எழுந்து குளித்து, புதுச் சேலை கட்டி, சாமி கும்பிட்டாள். நான் சேலையை நன்றாகப் பார்க்கவில்லை, பார்த்தால் போகவிட மாட்டேனோ என்று பயம். "போய்ட்டு வரனுங்க" என்றாள். "ம்" என்றேன். கேட்டைப் பூட்டினேன். ஸ்கூட்டிச் சத்தம் தெருவில் ஓய்ந்தது.

உள்ளே வந்து என் சுற்றை ஆரம்பித்தேன். இடது கையால் தொட்டு, பார்த்து, கூவினேன். அடுப்பு, இடது, ஆஃப். குழாய், இடது, மூடியிருக்கு. கொல்லைக் கதவு, தாழ்ப்பாள் போடலை. போட்டேன். ஞாபகத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. கூடத்துக்கு வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வீடு அமைதியாக இருந்தது. "போயிட்டா மகராசி" என்று சத்தமாகச் சொன்னேன். கூவிக் கூவி எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டது. "நல்லா இருக்கட்டும். இத்தன வருசம் நான் எங்கெங்கியோ போனப்ப வூட்ல தனியா இருந்தவதான. நான் ஒரு நாள் இருந்துக்க மாட்டனா?" சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. யாரும் இல்லையே என்று நன்றாகவே அழுதேன். வண்டி போனதற்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன்.

மூக்கைத் துடைக்கத் துண்டு வேண்டும். துண்டு பக்கத்து நாற்காலியின் முதுகில் கிடக்கும். விதிப்படி இடது கையை நீட்டித் தொட்டேன். துண்டு இல்லை. மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை, அதற்குள் ஒரு முழங்கால்.

திரும்பினேன். மாம்பழ நிறச் சேலையில் மடியில் கைப்பையோடு கோகிலா உட்கார்ந்திருந்தாள். அவள் கண் எந்தப் பக்கமும் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, நிறைந்து வழிந்தபடி.

"எப்ப வந்த?"

"நீங்க கேட்டப் பூட்டின கையோட. வண்டிய அக்கா வூட்டு முன்னாடி நிறுத்திப்போட்டுக் கொல்லைப்பக்கமா வந்துட்டனுங்க. செத்த நேரம் இருந்து பார்த்துட்டுப் போயிரலாம்னுதான் உக்காந்தேன். எந்திரிக்க முடியலீங்க."

"நீ உக்காந்திருக்கறது எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுதான் அழுதீங்களா?"

துண்டு இல்லாததால் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தேன்.

"எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுச் சரியாச் சொன்னீங்க. என்னைய மட்டும் வுட்டுட்டீங்க. கை நீட்டுற தூரத்துல இருந்தேன்."

அவள் போகாமல் இருக்கக் காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவள் கையை என் இடது கையால் பிடித்தேன். பிடி பலமில்லை, அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

"வுட்டது நெசந்தான். இன்னமும் அப்பப்ப வுடுவேன். ஆனா அடுப்பை வுடல, கதவை வுடல, குழாயை வுடல. வூடு எரியறது அதுலதான், உன்னால இல்ல. உன்னையும் கடைசில நானாத்தான் கண்டுபிடிச்சேன், யாரும் கண்ணக் காட்டல. கெளம்பு."

"மணி ஒன்பதரைங்க. முதல் நாளே லேட்டு."

"மத்தியானம் சேர்ந்ததா கையெழுத்துப் போடு. ஹெச்செம்ம யாரு கேக்கறது?"

முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு போனாள். இந்தத் தடவை நான் கேட் வரைக்கும் போய், தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தேன். மாலை ஆறரைக்கு வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னம் தெரியவில்லையாம். வந்ததிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், பார்க்கக் கூடாது என்ற விதி ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிடையாது.

ஜூன் 11

எட்டு மணிக்குக் கிளம்பினாள். கேட்டைப் பூட்டினேன். அடுப்பு, குழாய், கொல்லைக் கதவு. பிறகு சுற்றில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை நீட்டி, பக்கத்து நாற்காலியைத் தொட்டேன். திரும்பி நன்றாகப் பார்த்தேன்.

"நாற்காலி, இடது, காலி" என்று கூவினேன். சந்தோஷமாக இருந்தது. திருப்பிச் சொல்ல ஆள் இல்லாததால் நானே இன்னொரு தடவை சொன்னேன், கையை மட்டும் நாற்காலியிலிருந்து எடுக்கவில்லை.